பிடில்: திருவனந்தபுரத்துப் பெண் ஒருவர்

1

அமெரிக்கா வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த வாரத்தில் இதை எழுத உட்கார்கிறேன். முன்பும் இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். பனி எப்படிப் பெய்கிறது, இட்லி மாவு எப்படிப் புளிக்க மறுக்கிறது, கொலுப் படிக்கு எந்தக் கடையில் பலகை வாங்கினோம் என்றெல்லாம். படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனையிலிருந்து சிலர் கடிதம்கூடப் போட்டார்கள். இது அந்த மாதிரிக் கட்டுரை இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. சூட்டோடு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கென்டக்கியில் ஒரு சின்ன ஊர். என் கணவர் ராமநாதன் குளிர்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுத்து அடுக்கி வைக்கும் வேலை பார்க்கிறேன். பெண் வித்யாவுக்குப் பதினொரு வயது. தமிழ் புரியும். பதில் பாதி இங்கிலீஷில் வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்பனை. வித்யாவுக்கு ஸ்கேட்டிங் ஷூ பார்க்கப் போனோம். அவள் ஷூவைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பக்கத்திலிருந்த இசைத்தட்டுப் பெட்டியை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு அட்டையில் கை நின்றது. ஓர் ஆறு, பெரிய பெரிய பாறைகள், ஒரு பாறைமேல் கித்தாரோடு ஒரு மனிதர். மனிதரைவிடப் பாறையைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. அதில் உட்கார்ந்து நான் காபி குடித்திருக்கிறேன். அட்டையின் மேல் ஆங்கிலத்தில் "கல்லாறு" என்று எழுதியிருந்தது.

விற்றுக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்து, "காலர்" என்று வாசித்தாள். "டெலிபோன் பற்றிய பாட்டுகளாக இருக்கும், கண்ணே. அது பத்து வருஷமாக இந்தப் பெட்டியில் கிடக்கிறது" என்றாள்.

பின்னட்டையைத் திருப்பினேன். பாடியவர் ஹார்லன் ப்ரூயிட். கித்தார் அவரே. அதற்குக் கீழே ஒரு வரி. "பிடில்: திருவனந்தபுரத்துப் பெண் ஒருவர்."

அந்தப் பெண் ஒருவர் நான்தான். எனக்குப் பெயர் உண்டு. கே. எஸ். கோமதி. அப்படி ஒரு தட்டு வெளிவந்ததே அந்தச் சனிக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது.

2

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்துவிட்டுக் கரமனை வீட்டில் வேலை உத்தரவுக்கும் வரனுக்கும் ஒரே நேரத்தில் காத்திருந்தேன். அப்பாவிடம் ஏழு வயதிலிருந்து வயலின் கற்றிருந்தேன். வெளி மேடைக்கு அனுப்ப மாட்டார்கள். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தில், சாயங்காலக் கச்சேரியில், பாடுகிறவரும் பெண்ணாக இருந்தால் பக்கவாத்தியம் வாசிக்கலாம். அவ்வளவுதான் எனக்கு விட்டிருந்த எல்லை.

அப்படி ஒரு கல்யாணத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ரூத் வந்திருந்தாள். கரமனையில் பாதிக் குழந்தைகள் அவள் கையில் பிறந்தவை. கூடவே அவளுடைய அண்ணன். நெடுநெடுவென்று, நாற்பது தாண்டியவர், வேட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். அவர்தான் ஹார்லன். அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டுப் பாடுகிறவர், இரண்டு பாட்டு ரேடியோவில் நன்றாக ஓடியது, பிறகு குடியில் விழுந்தார், தங்கை தன்னோடு நாலு மாதம் இருக்கட்டும் என்று வரவழைத்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் ஜமக்காளத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கச்சேரி முடிந்ததும் ரூத் அவரை அழைத்து வந்தாள்.

"ஏன் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறான்" என்றாள். அவளுக்குத் தமிழும் மலையாளமும் வரும்.

"அவர் எப்படிப் பிடிப்பாராம்?"

ஹார்லன் வயலினை வாங்கித் தாடைக்கடியில் வைத்துக் காட்டினார்.

"அதுதான் தலைகீழ்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்தத் தாடைப் பிடியிலேயே ஒரு பாட்டு வாசித்தார். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு பாட்டு. கல்யாண வீட்டுக் குழந்தைகள் கூடிவிட்டன. பாட்டு மோகன ராகத்தில் இருந்தது. அவருக்கு அது மோகனம் என்று தெரியாது. நான் வயலினைத் திரும்ப வாங்கிக் காலில் ஊன்றி, அதே பாட்டை வாசித்துவிட்டு, அது முடிந்த இடத்திலிருந்து மோகனத்தை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோனேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒன்றரை மாதம், வாரத்தில் மூன்று நாள், ரூத்தின் குவார்ட்டர்ஸில் வாசித்தோம். அப்பா சம்மதித்தது ரூத்துக்காக. நிபந்தனை, அண்ணா கூட இருக்க வேண்டும். என் அண்ணா சங்கரன் அப்போது செக்ரட்டேரியட்டில் எல்.டி. கிளார்க். ஆபீஸ் விட்டு நேரே வந்து, மலையாளப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவான். இரண்டாவது வாரமே பேப்பரின் பின்னாலிருந்து தாளம் போடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பதிவு செய்ய அமெரிக்காவிலிருந்து ஒரு டேப் மெஷின் வந்தது. கரமனையில் வைத்துப் பார்த்தோம். பஸ் ஹாரன், காக்காய், கோயில் மணி, எதிர்வீட்டு மாமி பால்காரனோடு போடும் சண்டை எல்லாம் விழுந்தது. கடைசியில் ரூத்திடம் பிரசவம் பார்த்துக்கொண்ட ஓர் எஸ்டேட் அம்மாள் கல்லாற்றில் தங்கள் பங்களாவைக் கொடுத்தாள். பொன்முடி மலைக்குப் போகிற வழி. நாங்கள் நாலு பேரும் போனோம். அங்கே காக்காய் இல்லை. ஆனால் ஆறு இருந்தது. எந்த அறையில் கதவைச் சாத்தினாலும் ஆற்றுச் சத்தம் டேப்பில் கேட்டது. ஹார்லன் மெஷினை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்து, "இருக்கட்டும், அதுவும் வாசிக்கட்டும்" என்றார்.

மூன்று நாள், ஒன்பது பாட்டு. அம்மா செத்துப் போனதும் வீட்டை விற்கிற ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு. நடுவில் அவர் நிறுத்தி எனக்கு இடம் விட்டார். நான் சஹானா வாசித்தேன். எவ்வளவு நேரம் என்று யோசிக்கவில்லை. முடித்தபோது அவர் பாட வேண்டிய கடைசி அடியைப் பாடாமல் கித்தாரைக் கீழே வைத்துவிட்டார். ரூத் மெஷினை நிறுத்தினாள். அண்ணா பேப்பரைக் கீழே இறக்கி, "கோமு, அது கொள்ளாம்டீ" என்றான். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் யாரையும் புகழ்ந்தது கிடையாது.

போகும்போது ஹார்லன் சொன்னார்: "உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்." எழுதிக் கொடுத்தேன். வீட்டு விலாசத்துக்கு வெள்ளைக்காரன் கடிதம் வந்தால் தெருவில் பேச்சு வரும் என்று அண்ணா தன் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தான்.

ஒரு கடிதமும் வரவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டேன். "அவன் குடிகாரனாக்கும். டேப்பை எங்கேயாவது போட்டிருப்பான். விடு" என்றான் அண்ணா. விட்டேன். பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஊரிலேயே வலியசாலைக் குடும்பம், பையன் அமெரிக்காவில் வேலை.

3

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். வித்யா சோபாவில் கால் நீட்டிக் கிடந்தாள். கித்தார் தொடங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நோ! கன்ட்ரியா? என் பிரெண்ட்ஸ் யாராவது கேட்டா நான் டெட்."

அவள் பள்ளியில் கன்ட்ரி பாட்டு என்றால் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கேட்பது. அவள் டிராக்டர்காரப் பெண் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதாம். ஏற்கெனவே அவளுடைய மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"பிடில் வாசிக்கறது யார் தெரியுமா? நான்" என்றேன்.

"நீ வாசிப்பியா?"

அந்தக் கேள்வி என்னை அடித்த மாதிரி இருந்தது. வந்த புதிதில் அபார்ட்மென்ட்டில் வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். "வேண்டாமே, கம்ப்ளெயின்ட் பண்ணுவா" என்றார் என் கணவர். பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன். நவராத்திரிக்கு யார் வீட்டிலாவது எடுப்பேன். சொந்த வீடு வாங்கி, பக்கத்துச் சுவர் என்ற ஒன்றே இல்லாமல் போன பிறகும் பெட்டி அலமாரியில்தான் இருந்தது. பதினொரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த குழந்தைக்கு நான் வாசிப்பேன் என்பதே தெரியவில்லை.

வித்யா கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். சஹானா வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, அட்டையை எடுத்து வாசித்தாள். "எ லேடி? ஏன் எ லேடி?"

அந்த நேரத்தில் என் கணவர் உள்ளே வந்தார். அட்டையைப் பார்த்தார். கேட்டார் என்றும் சொல்ல முடியாது, கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "புல்லு ரொம்ப வளந்துடுத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

4

திங்கட்கிழமை அந்த இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். சின்னக் கம்பெனி, இப்போது ஒரு பெரிய கம்பெனிக்குள் போய்விட்டது. நாலு பேர் கை மாறி ஒரு பெண் வந்தாள்.

"அதில் வயலின் வாசித்தவள் நான். என் பெயர் போடவில்லை."

காகிதம் புரளும் சத்தம். "இதில் வயலின் இல்லையே, மேடம். பிடில்தான் இருக்கிறது."

கரமனைக் கிழவர்கள் எல்லாரும் பிடில் என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "வயலின்னு சொல்லு, பிடில் என்ன பிடில்" என்று எங்களைத் திருத்தித் திருத்தி வளர்த்தார். அந்தத் திருத்தம் கடல் கடந்து வந்து என் காலை வாரியது.

"பிடில்தான். அது நான்தான்."

"உங்கள் பெயர்?"

"கோமதி ராமநாதன்."

"அந்தப் பெயரில் இதில் யாரும் இல்லையே."

"எந்தப் பெயரிலும் யாரும் இல்லை. அதுதானே என் புகார்!"

ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். மூன்று பக்கம். பதிவு நடந்த காலத்தில் இருந்த பெயருக்கு அரசாங்கச் சான்று வேண்டும். என்னிடம் இருப்பது பழைய பாஸ்போர்ட். அதில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். திருவிதாங்கூர் எழுத்துக்கூட்டில் சுப்ரமோனியா. நகலை அனுப்பிவிட்டு மறுபடி போன் செய்தேன். "இந்த நிமோனியா என்பது யார்?" என்று கேட்டாள் அதே பெண். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். ஆகவே என்னிடம் இருந்தவை மூன்று பெயர்கள். வாசித்தது கே. எஸ். கோமதி. விமானம் ஏறியது கோமதி சுப்ரமோனியா. போன் செய்வது கோமதி ராமநாதன். மூவரும் ஒருத்திதான் என்று ஒரு நோட்டரி முத்திரை குத்தித் தர வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தட்டு மறுபதிப்பு ஆகப்போவதில்லை, ஆகவே திருத்த ஒன்றும் இல்லை. கீழே இன்னொரு வரி: "எங்கள் பழைய கோப்பின்படி, கலைஞரின் சொந்த வேண்டுகோளுக்கு இணங்கியே பெயர் வெளியிடப்படவில்லை."

என் சொந்த வேண்டுகோள்! நான் அந்த மனிதரிடம் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவள். பொய் சொல்லியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஒரு பெண்ணின் வாசிப்பை எடுத்துக்கொண்டு, பெயரை எழுதச் சோம்பல்பட்டு, அவளே வேண்டாம் என்றாள் என்று பொய். கம்பெனியிடம் அவர் விலாசம் கேட்டேன். மூன்று மணி நேரம் காரில் போனால் அவர் ஊர். பன்னிரண்டு வருஷமாக மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார்.

"எதுக்கு இவ்வளவு தூரம் போகணும்? ஒரு லெட்டர் போடேன்" என்றார் என் கணவர்.

"எனக்குக் கார் நீங்க ஓட்டறேளா, நான் பஸ்ல போகட்டுமா?"

ஓட்டினார்.

5

விதையும் மாட்டுத் தீவனமும் விற்கிற கடை. ஹார்லன் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, முதுகு கொஞ்சம் வளைந்து, ஆனால் அதே ஆள். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "கோமட்டி" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது.

நான் மலரவில்லை. கடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். எனக்கு இங்கிலீஷ் கோபத்தில் நன்றாக வராது. காலமும் பாலும் எல்லாம் குழம்பிவிடும். "நீங்கள் என் பெயரைச் சாப்பிட்டீர்கள்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற வித்யாவுக்கு முகம் சிவந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கடையைப் பையனிடம் ஒப்படைத்து, எங்களைப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாசிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்தது. என் அண்ணாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. டைப்ரைட்டர் பழுதானால் செக்ரட்டேரியட்டில் மேலதிகாரிகள் அவனைத்தான் கூப்பிட்டு எழுதச் சொல்வார்கள். அந்த ஆபீஸ் இங்கிலீஷில், ஒரு மனு மாதிரி, இப்படி எழுதியிருந்தான்: என் தங்கையின் விவாகம் நிச்சயமாகும் தறுவாயில் இருக்கிறது. மணமகன் வீட்டார் கௌரவமான குடும்பம். அன்னிய ஆடவர் ஒருவரின் இசைத்தட்டில் அவள் பெயர் வருவதை அவர்கள் விரும்பவில்லை. வந்தால் விவாகம் நின்றுபோகும். பெயரை விட்டுவிடும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். இதுவே என் தங்கையின் சொந்த விருப்பமும் ஆகும்.

கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன்.

"முதல் கடிதத்துக்கு நான் மாட்டேன் என்றுதான் பதில் எழுதினேன்" என்றார் ஹார்லன். "அப்புறம் வந்ததுதான் இது. ரூத்திடம் கேட்டேன். அந்தப் பெண்களின் பாடு உனக்குத் தெரியாது, கேட்டபடி செய் என்றாள். ஒன்றுமே போடாமல் விட மனசு வரவில்லை. அதனால்தான் திருவனந்தபுரத்துப் பெண் என்று போட்டேன். நீங்கள் பார்த்தால் உங்களுக்காவது தெரியுமே என்று."

"எனக்கு யாரும் காட்டவே இல்லை."

"உங்கள் அண்ணாவுக்கு இரண்டு தட்டு அனுப்பினேனே!"

தட்டு என்ன ஆனது என்று கேட்டேன். கன்ட்ரி ரேடியோக்காரர்கள் இது கன்ட்ரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். மற்ற ரேடியோக்காரர்கள் இது கன்ட்ரி என்று திருப்பி அனுப்பினார்களாம். கடைகளில் எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் ஒருவர் வெளிநாட்டு இசையில் வைத்தார், ஒருவர் சிரிப்புப் பாட்டில் வைத்தார். அச்சடித்ததில் பாதி கிடங்கைவிட்டே வரவில்லை. அத்தோடு கம்பெனி அவரைக் கைவிட்டது. அதுதான் அவருடைய கடைசித் தட்டு. "நான் போட்டதில் எனக்கே கேட்கப் பிடிக்கிறது அது ஒன்றுதான்" என்றார். சுவரில் ஒரு பிடில் தொங்கியது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"முடியாது" என்றேன். உண்மையிலேயே முடியாது. இரண்டு கையிலும் அந்தக் காகிதம் இருந்தது.

மூன்று மணி நேரம் நான் திட்டிக்கொண்டே வந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கௌரவமான குடும்பம் என்று எழுதியிருந்ததே, அந்தக் குடும்பத்துப் பையன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

கார் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பிறகு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பா எழுதியிருந்தார்" என்றார். "பொண்ணு வெள்ளைக்காரனோட பிளேட் போட்டிருக்காளாம், பேர் வராம பாத்துக்கச் சொல்லியிருக்கேன், உன் அபிப்ராயம் என்னன்னு."

"நீங்க என்ன எழுதினேள்?"

"உங்க இஷ்டம்னு எழுதினேன்."

"நீங்க இருந்தது அமெரிக்கா. வலியசாலை இல்லை."

"கோமு, நான் வேணாம்னு சொல்லலே. வேணும்னும் சொல்லலே. அப்போ உன்னை நான் பாத்ததுகூட இல்லை."

பின் சீட்டிலிருந்து வித்யா கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், திக்கித் திக்கி: "அப்பா, பட், அப்புறம் பாத்தியே. பன்னெண்டு இயர்ஸ் பாத்தியே. அப்போ ஏன் சொல்லலே?"

கார் ஓட்டுகிற மனிதருக்குச் சாலையைப் பார்க்க வேண்டும் என்ற வசதி இருந்தது. எனக்கு அந்த வசதியும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகை துக்கத்தில் வரவில்லை.

யாருக்காக மறைத்தார்கள் என்று யோசிக்க யோசிக்க எனக்கு வெறி பிடிக்கிறது. கரமனையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடத் தட்டுப் போடுகிற மெஷின் கிடையாது. அந்தத் தட்டு இந்தியாவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் பின்னட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு யார் வாசித்திருப்பார்கள்? கேட்க ஆளே இல்லாத ஒரு தட்டில், வாசிக்க ஆளே இல்லாத ஒரு வரியில் என் பெயர் இருந்தால் வலியசாலையில் ஒரு குடும்பத்தின் கௌரவம் போயிருக்குமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவேளை நானே கல்யாணத்துக்குப் பயந்து சரி என்றிருப்பேன். அந்தக் கோழைத்தனத்தைக்கூட அவர்கள் எனக்கு விட்டுவைக்கவில்லை. என் கையெழுத்தில் வர வேண்டியதை அண்ணா தன் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டான்.

இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர், "அப்பா படிப்பாரே" என்றார்.

"படிக்கட்டும்" என்றேன்.

நான் வீட்டை விட்டுப் போகவில்லை. சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். தேவைக்கு மட்டும் பேசுகிறேன். அவர் ஒருநாள் அலமாரியைத் திறந்து வயலின் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்திருந்தார். அதை அப்படியே விட்டிருக்கிறேன். நான் எடுக்கும்போது எடுப்பேன். அவர் எடுத்து வைத்ததால் எடுத்ததாக இருக்கக் கூடாது.

7

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே. கரமனையில் சாயங்காலம். அண்ணா இப்போது செக்ஷன் ஆபீசர், வீட்டில் போன் உண்டு. லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"எடீ கோமுவா? எல்லாரும் சௌக்யமாக்கும், அல்லே?"

"ஹார்லனைப் பாத்தேன். நீ எழுதின லெட்டரையும் பாத்தேன்."

அங்கே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணா, கேக்கறதா?"

"கேக்கறது" என்றான். "அன்னிக்கு நிலைமை அப்படியாக்கும். அவா கண்டிஷன் போட்டா. உனக்குப் பின்னாலே இன்னொரு தங்கையும் இருந்தா. உன் கல்யாணம் முடங்கியிருந்தா அவளுக்கும் முடங்கும். அப்பா என்னைக் கூப்பிட்டு, நீதான் இங்கிலீஷ் நன்னா எழுதுவே, எழுதுன்னார். நான் என்ன செய்ய?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவே."

"அப்போ நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும், என் சொந்த விருப்பம்னு எழுதினே."

அண்ணா வேறு குரலில் சொன்னான். "கல்லாத்துல நானும் கூடத்தானே இருந்தேன், கோமு. நீ அந்த சஹானா வாசிச்சப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துது. இன்னிக்கும் ஓர்மை இருக்கு. எனக்குத் தெரியாதா, என்ன எழுதறேன்னு?"

இதைச் சொன்னால் எனக்குக் கோபம் குறையும் என்று நினைத்தான் போலும். எனக்கு அதிகமானது. தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

"அவர் அனுப்பின ரெண்டு பிளேட் எங்கே?"

"ஒண்ணு ஆபீஸ்ல காணாம போயிடுத்து. ஒண்ணு இருக்கு. என் ரூம் அலமாரி மேலே. வந்தபடியே. பிரிக்கலே."

"பதினாலு வருஷமா?"

"போட்டுக் கேக்க மெஷின் வேண்டாமா?"

"போய் எடு. பிரி."

"இப்பவா? டிரங்க் கால்டீ இது."

"இப்பத்தான். நான் இருக்கேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். ஸ்டூலை இழுக்கும் சத்தம். மன்னி ஏதோ கேட்டாள். நீண்ட நேரம் கழித்துக் காகிதம் கிழிந்தது. கெட்டியான பழுப்புக் காகிதமாக இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் கிழியவில்லை.

திரும்பிப் போனை எடுத்தவன் மூச்சு வாங்கினான். "ஆறுதான் அட்டையிலே. அந்தப் பாறை. அது மேலே உக்காந்து நாம காபி குடிச்சோமே..."

"பின்னாலே திருப்பு. வாசி."

வாசித்தான். ஹார்லன் பெயரை வாசித்தான். ஒன்பது பாட்டின் பெயரையும் வாசித்தான். "பிடில்" என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். ஆபீசில் எத்தனையோ உத்தரவை உரக்க வாசித்த என் அண்ணாவுக்கு அந்த ஒரு வரி வாசிக்க வரவில்லை.

"பேனா எடு" என்றேன். "அந்த வரியை அடி. பக்கத்திலே என் பேரை எழுது. உன் கையெழுத்திலே."

மேஜை டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. பேனா மூடி கழன்றது. பிறகு அவன் கேட்டான். இத்தனை வருஷ ஆபீஸ் பழக்கமோ, உண்மையிலேயே தெரியாமல்தானோ, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை:

"எதிலே எழுதணும்டீ? இங்கிலீஷிலயா, மலையாளத்திலயா, தமிழ்லயா?"

"மூணுலயும் எழுது" என்றேன்.